அப்டேட் பட்டனை அழுத்தலாமா? வேர்ட்பிரஸ் பத்தி வாசகர் கேள்வி–பதில்

போன இதழ்ல சொந்தமா வலைப்பூ வச்சிருக்கறவங்க சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ஒரே விஷயம்தான், வலைப்பூவை ஓட்டற சாஃப்ட்வேரான வேர்ட்பிரஸ்ல அப்டேட் பண்ணினா என்ன ஆகும், பண்ணலைன்னா என்ன ஆகும். அதனால இந்த தடவை முழுப்பக்கமும் இதுக்கே.

சார், 2012-லேர்ந்து சமையல் வலைப்பூ எழுதுறேன், 600 குறிப்புக்கு மேல இருக்கு. டேஷ்போர்டுல அப்டேட் பக்கத்துல சிவப்பு வட்டத்துக்குள்ள 19-னு காட்டிக்கிட்டே இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி மொத்தமா செலக்ட் பண்ணி அப்டேட் குடுத்தேன், சைட்டே வெள்ளையா போயிடுச்சு, தெரிஞ்ச பையன் ஒருத்தன் வந்து சரி பண்ணிக் குடுத்தான். அதுலேர்ந்து தொடவே பயம். நல்லாத்தானே ஓடுது, அப்படியே விட்டுடலாமா?
– வாசகி, கும்பகோணம்

விட்டுடாதீங்கம்மா. பயம் நியாயமானதுதான், ஆனா பயப்பட வேண்டிய இடம் வேற. உங்க சைட்ல மூணு விதமான சாமான் இருக்கு. வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேர் ஒண்ணு, ப்ளகினும் (கூடுதல் வசதி சேர்க்கற குட்டி சாஃப்ட்வேர்) தீமும் (சைட்டோட தோற்றத்தைத் தர்றது) ரெண்டாவது, நீங்க எழுதின 600 குறிப்பும் போட்டோவும் மூணாவது. முதல் ரெண்டும் போச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம், காசு குடுத்து வாங்கின தீமா இருந்தாக்கூட வாங்கின இடத்துல திரும்பக் கிடைக்கும். மூணாவது போச்சுன்னா உலகத்துல எங்கயும் கிடைக்காது. குறிப்பெல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு, போட்டோ எல்லாம் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள்ள அப்லோட்ஸ்ங்கற ஃபோல்டர்ல இருக்கு. இந்த ரெண்டோட நகலும் உங்க கையில இருந்துட்டா அப்புறம் எந்தப் பட்டனையும் தைரியமா அழுத்தலாம். நிறைய பேர் ஃபைலை மட்டும் காப்பி எடுத்து வச்சுக்கிட்டு பேக்கப் இருக்குன்னு நம்பிக்கிட்டு இருப்பாங்க, டேட்டாபேஸ் அதுல இருக்காது, எழுத்து மொத்தமும் அங்கதான் இருக்கு.

அப்ட்ராஃப்ட்பிளஸ் மாதிரி ஒரு ப்ளகின் போட்டு கூகுள் டிரைவுக்கு வாரா வாரம் தானா போற மாதிரி வச்சுடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை அதை வீட்டு கம்ப்யூட்டருக்கும் இறக்கி வைங்க. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருத்தர் தன் ஊர்ப் பக்கத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் வீடு வீடா போய்க் கேட்டு எழுதி வலைப்பூவுல ஏத்தி வச்சிருந்தார், நான்தான் அதைப் பார்த்துக்கிட்டேன். பேக்கப்பும் தினமும் எடுத்துக்கிட்டுத்தான் இருந்தோம், ஆனா அது சைட் இருந்த அதே சர்வர்லயே இருந்தது. ஒருநாள் அந்த சர்வரோட டிஸ்க் போச்சு, சைட்டும் போச்சு, பேக்கப்பும் சேர்ந்து போச்சு. படிச்சவங்களோட மெயில்ல வந்து கிடந்தது, பழைய இணையப் பக்கங்களோட நகலைச் சேர்த்து வைக்கற இன்டர்நெட் ஆர்கைவ்ல பதிஞ்சிருந்ததுன்னு தேடித்தேடி பாதிக்கு மேல மீட்டோம். மீதிப் பாட்டைப் பாடின பாட்டிங்க அப்போ உயிரோட இல்ல. அதனால வெளியே ஒரு நகல் இல்லாம நான் இப்ப எந்த சைட்டையும் தொடுறதில்ல.

நகல் எடுத்தாச்சுன்னா அடுத்தது வரிசை. ஒரேயடியா 19-ஐயும் டிக் பண்ணாதீங்க, உடைஞ்சா எது உடைச்சதுன்னே தெரியாது. என் வழக்கம் என்னன்னா, முதல்ல பயன்படுத்தாத ப்ளகின் எல்லாத்தையும் டிலீட் பண்ணிடுவேன், 19-ங்கறது அப்பவே 11, 12 ஆயிடும். அப்புறம் ஒவ்வொரு ப்ளகினா அப்டேட் குடுத்து, ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் வேற பிரவுசர்ல லாகின் பண்ணாம சைட்டைத் திறந்து ஒரு குறிப்பு, முகப்பு, கமென்ட் பெட்டி மூணையும் பார்ப்பேன். அப்புறம் தீம். கடைசியா வேர்ட்பிரஸ். சாயங்காலம் ஆளுங்க நிறைய வர்ற நேரத்துல பண்ணாதீங்க, அதேமாதிரி நாளைக்கு ஊருக்குப் போறோம்னா இன்னைக்கு ராத்திரி பண்ணாதீங்க.

நல்லா ஓடுதேன்னு விட்டா என்ன ஆகும்னு கேட்டீங்க. 2017 ஜனவரி 26-ஆம் தேதி வேர்ட்பிரஸ் 4.7.2 வந்தது, அதுல பெரிய ஓட்டை ஒண்ணை அடைச்சிருந்தாங்க, பாஸ்வேர்டே இல்லாம யார் வேணா உங்க போஸ்ட்டை மாத்தி எழுதற மாதிரியான ஓட்டை. அப்டேட் எல்லாருக்கும் போய்ச் சேரட்டும்னு காத்திருந்து பிப்ரவரி 1-ஆம் தேதிதான் விவரத்தை வெளியில சொன்னாங்க. சொன்ன கொஞ்ச நாள்லயே அப்டேட் பண்ணாம கிடந்த சைட்டுகள்ல போஸ்ட்டை அழிச்சு ‘ஹேக் பண்ணிட்டோம்’னு எழுதிட்டுப் போனாங்க, லட்சக்கணக்கான பக்கம். அந்த சைட்டுங்களும் முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்தது. 2013 அக்டோபர்ல வந்த 3.7-லேர்ந்து இப்படிப்பட்ட சின்னப் பாதுகாப்பு அப்டேட்டை வேர்ட்பிரஸ் தானா போட்டுக்கும், அதை யார் சொன்னாலும் ஆஃப் பண்ணிடாதீங்க. 6.4-லேர்ந்து 6.5 மாதிரி பெரிய மாத்தம் வந்தா மட்டும் ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துப் பண்ணுங்க, அதுக்குள்ள ப்ளகின்காரங்களும் தங்களோடதைச் சரி பண்ணிடுவாங்க.

அப்டேட் பண்ணிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சு. இப்போ சைட்ல பராமரிப்பு வேலை நடக்குது, ஒரு நிமிஷம் கழிச்சு வாங்கன்னு இங்கிலீஷ்ல வருது, என்ன செய்யறது?
– வாசகர், சிவகாசி

ஹோஸ்டிங் (சைட்டுக்கு சர்வர்ல இடம் குடுக்கற நிறுவனம்) பேனல்ல ஃபைல் மேனேஜரைத் திறந்து, மறைஞ்சிருக்கற ஃபைலையும் காட்டுன்னு செட் பண்ணுங்க. சைட் இருக்கற ஃபோல்டர்ல முன்னாடி புள்ளி வச்சு ‘மெயின்டனன்ஸ்’னு ஒரு ஃபைல் இருக்கும். அதை அழிச்சிடுங்க, சைட் வந்துடும். பாதியில நின்ன அப்டேட்டைத் திரும்ப ஒரு தடவை ஓட்டிடுங்க.

அண்ணா, நான் எதுவுமே தொடலை. ஹோஸ்டிங்லேர்ந்து பிஎச்பி 8-க்கு மாத்திட்டோம்னு மெயில் வந்தது, மறுநாள் சைட்ல ‘கிரிட்டிக்கல் எரர்’னு ஒரு வரி மட்டும்தான். லாகின் பக்கமும் திறக்கலை. எல்லாம் போச்சா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஒண்ணும் போகலை தம்பி, நீங்க எழுதினது அத்தனையும் டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு. வேர்ட்பிரஸ், ப்ளகின், தீம் எல்லாமே பிஎச்பிங்கற மொழியில எழுதினது, அந்த மொழியே வருஷத்துக்கு வருஷம் மாறும், பழைய கட்டளை சிலதை எடுத்துடுவாங்க. 2020 நவம்பர்ல வந்த பிஎச்பி 8-ல ‘கிரியேட் ஃபங்ஷன்’, ‘ஈச்’ன்னு ரெண்டு பழைய கட்டளையை ஒரேயடியா தூக்கிட்டாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதின தீம், விட்ஜெட் ப்ளகின் எத்தனையோ இந்த கிரியேட் ஃபங்ஷனை நம்பித்தான் இருந்துச்சு, அது இல்லைன்னதும் அந்த இடத்துலயே மொத்த சைட்டும் நின்னுடும். ஹோஸ்டிங்காரங்க மாத்தினதும் தப்பில்ல, பிஎச்பி 7.4-க்கே 2022 நவம்பரோட பாதுகாப்புத் திருத்தம் வர்றது நின்னு போச்சு.

முதல்ல மெயிலைப் பாருங்க, ஸ்பாமையும் பாருங்க. வேர்ட்பிரஸ் 5.2 வந்ததுலேர்ந்து இப்படி உடைஞ்சா அட்மின் மெயிலுக்கு எந்த ப்ளகின் உடைச்சதுன்னு பேரோட ஒரு லிங்க் அனுப்பும், அதை அழுத்தி உள்ள போனா அந்த ப்ளகினை உங்களுக்கு மட்டும் நிறுத்தி வச்சிருக்கும், நீங்க அதை ஆஃப் பண்ணிட்டு வெளிய வரலாம். லிங்க் ஒருநாளைக்குத்தான் செல்லும். மெயில் வரலையா, ஃபைல் மேனேஜர்ல டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள்ள போய் ப்ளகின்ஸ் ஃபோல்டரோட பேரை ப்ளகின்ஸ்-ஓல்டுன்னு மாத்துங்க. அத்தனை ப்ளகினும் ஒரே நேரத்துல நின்னுடும். சைட் வந்துட்டா லாகின் பண்ணி ப்ளகின் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்துட்டு, ஃபோல்டருக்குப் பழைய பேரையே திரும்ப வச்சு, ஒவ்வொண்ணா ஆன் பண்ணுங்க, எதை ஆன் பண்ணும்போது விழுதோ அதுதான் ஆள். செட்டிங்ஸ் எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கறதால அழியாது. பேர் மாத்தியும் வரலைன்னா தீம்தான் காரணம், இப்ப ஓடற தீமோட ஃபோல்டரை மட்டும் அதேமாதிரி பேர் மாத்துங்க, ஆனா அதுக்கு முன்னாடி ட்வென்டி ட்வென்டி வரிசைல வர்ற இலவச தீம் ஒண்ணு சர்வர்ல இருக்கான்னு பார்த்துக்கோங்க.

உங்க வேர்ட்பிரஸே ரொம்பப் பழசுன்னா, பிஎச்பி 8-க்குக் கொஞ்சமாவது ஒத்துப்போக ஆரம்பிச்சது 2020 டிசம்பர்ல வந்த 5.6-லேர்ந்துதான், அப்போ மேல சொன்னது எதுவும் உதவாது. பேனல்ல பிஎச்பியைத் தற்காலிகமா 7.4-க்கு இறக்குங்க, நிறைய இடத்துல அந்த வசதி உண்டு. இறக்கி, பேக்கப் எடுத்து, எல்லாத்தையும் அங்கயே வச்சு அப்டேட் பண்ணிட்டு, அப்புறம் 8-க்கு ஏத்துங்க. 7.4-லயே நின்னுடாதீங்க.

எத்தனை ப்ளகின் வரைக்கும் வச்சுக்கலாம்?
– வாசகர், ஈரோடு

எண்ணிக்கையில ஒண்ணும் இல்லைங்க. நல்லா எழுதின 25 ப்ளகின் சுமையே தெரியாம ஓடும், மோசமா எழுதின ஒண்ணு மொத்தத்தையும் படுக்க வைக்கும். ஒவ்வொண்ணும் எதுக்கு இருக்குன்னு உங்களால சொல்ல முடியணும், சொல்ல முடியாததை எடுத்துடுங்க. ஆஃப் பண்ணி வச்சா போதும்னு நினைக்காதீங்க, ஆஃப் பண்ணினாலும் ஃபைல் சர்வர்லதான் கிடக்கும், அந்த ஃபைலை வெளியிலேர்ந்து நேரா கூப்பிட முடிஞ்சா திருடனுக்கு அது போதும். 2011-ல டிம்தம்ப்னு படத்தைச் சின்னதாக்கற ஒரு குட்டி ஃபைல்ல ஓட்டை கண்டுபிடிச்சாங்க, எத்தனையோ தீமுக்குள்ள அது இருந்தது, போட்டுப் பார்த்துட்டுத் தூக்கிப்போடாம விட்ட தீம் வழியாவே சைட்டுக்குள்ள வந்தாங்க.

இன்னொண்ணு, தமிழ் வலைப்பூவுல மட்டும் நான் பார்க்கறது. எல்லாரோட வலைப்பூ போஸ்ட்டையும் ஒரே இடத்துல தொகுத்துக் காட்டற திரட்டிகள் கொடிகட்டிப் பறந்த காலத்துல, படிக்கறவங்க ஓட்டுப் போடறதுக்கு ஓட்டுப்பட்டைன்னு ஒரு ஸ்கிரிப்ட்டை தீமுக்குள்ள ஒட்டச் சொல்லுவாங்க, பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சும் அது அப்படியே இருக்கும், அந்த சர்வர் பதில் சொல்லுமான்னு காத்திருந்து காத்திருந்து பக்கம் திறக்க அரை நிமிஷம் ஆகும். சைட் மெதுவா இருக்குன்னு யார் சொன்னாலும் நான் முதல்ல அதைத்தான் தேடுவேன்.

நண்பர் ஒருத்தர் காசு குடுத்து வாங்கற தீமை இலவசமா குடுத்தார், அழகா இருக்கு. அதோட ரிலேட்டட் போஸ்ட் ப்ளகின் ஒண்ணு நாலு வருஷமா அப்டேட்டே வரலை, ஆனா வேலை செய்யுது. ரெண்டும் வச்சுக்கலாமா?
– வாசகி, மதுரை

தீமை இன்னைக்கே எடுத்துடுங்க. பூட்டை உடைச்சு இலவசமா சுத்தறதுல என்ன கோடு சேர்த்திருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது, சேர்க்காம சும்மா குடுக்க அவங்களுக்கு என்ன தேவை? அதுக்கு அப்டேட்டும் வராது. நேர்மையா வாங்கின தீம்லயே இந்தச் சிக்கல் உண்டு. 2014-ல ஸ்லைடர் ரெவல்யூஷன்ங்கற ப்ளகின்ல ஓட்டை வந்தப்போ அதைச் செஞ்சவங்க திருத்தம் வெளியிட்டாங்க, ஆனா நிறைய தீமுக்குள்ள அது மொத்தமா சேர்ந்தே வந்ததால ஓனர்களுக்கு அப்டேட் அறிவிப்பே போகலை. அந்த டிசம்பர்ல ஒரே தாக்குதல்ல 11,000-க்கும் மேல டொமைனை கூகுள் ஆபத்துன்னு ஒதுக்கி வச்சது. திருத்தம் வரவேண்டிய வழி அடைஞ்சு கிடந்தா இப்படித்தான் ஆகும், நண்பர் குடுத்த தீம்ல அந்த வழியே கிடையாது.

ப்ளகினைப் பொறுத்தவரைக்கும், வேர்ட்பிரஸ் தளத்துல அதோட பக்கத்தைத் திறந்து பாருங்க. கடைசி மூணு பெரிய வெர்ஷனோட சோதிக்கலைன்னு மஞ்சள் பட்டை இருந்தா மாத்து தேட ஆரம்பிங்க. பக்கமே மூடியிருந்தா உடனே எடுங்க, ஏன்னா ஒரு ப்ளகினைத் தளத்துலேர்ந்து தூக்கினாலும் உங்க டேஷ்போர்டுல ஒரு எச்சரிக்கையும் வராது. திடீர்னு ஓனர் மாறுறதையும் கவனிங்க. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு சுமார் 2 லட்சம் சைட்ல இருந்த ப்ளகின் 2017-ல கைமாறிச்சு, வாங்கினவங்க அப்டேட்டுங்கற பேர்லயே பின்வாசல் வச்சு ஸ்பாம் பக்கங்களைப் புகுத்தினாங்க, லாகின் பண்ணியிருக்கற ஓனர் கண்ணுக்கு மட்டும் அது தெரியாத மாதிரி பண்ணியிருந்தாங்க. லாகின் பண்ணாம உங்க சைட்டைப் பாருங்கன்னு நான் சொல்றது இதுக்காகவும்தான்.

தீம் அப்டேட் குடுத்ததும் நான் ராத்திரி ராத்திரியா உக்கார்ந்து மாத்தின தமிழ் எழுத்துரு, வரி இடைவெளி, நிறம் எல்லாம் போயிடுச்சு. இனிமே தீமை அப்டேட்டே பண்ணமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்.
– வாசகர், பெங்களூரு

அந்த முடிவை மாத்திக்கோங்க. அப்டேட்டுன்னா பழைய தீம் ஃபோல்டரை எடுத்துட்டு புதுசை வைக்கறது, அதுக்குள்ள கை வச்சு எழுதினது எதுவும் தங்காது. எழுத்துரு, இடைவெளி, நிறம் அளவுக்குன்னா 2016 டிசம்பர்ல வந்த வேர்ட்பிரஸ் 4.7-லேர்ந்து கஸ்டமைசர்லயே கூடுதல் சிஎஸ்எஸ்னு (தோற்றத்தை மாத்தற கட்டளை எழுதற இடம்) ஒரு பெட்டி இருக்கு, அங்க எழுதினா டேட்டாபேஸ்ல போய் உக்காரும், தீம் எத்தனை தடவை அப்டேட் ஆனாலும் இருக்கும். ஃபைலையே மாத்தணும்னா சைல்டு தீம் போடுங்க, தனி ஃபோல்டர், அதுல ஸ்டைல் ஃபைல் ஒண்ணு, அதோட தலையில தாய் தீமோட ஃபோல்டர் பேர், அவ்வளவுதான், மாத்தினது மட்டும் சைல்டுல இருக்கும், மத்ததைத் தாய்கிட்டேர்ந்து எடுத்துக்கும்.

போனதை மீட்க ஒரு வழி இருக்கு. இன்டர்நெட் ஆர்கைவோட வேபேக் மெஷின்ல உங்க சைட் முகவரியைப் போட்டுப் பழைய நகலைத் திறங்க. ஸ்டைல் ஃபைலும் கூடவே பதிஞ்சிருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அதுலேர்ந்து உங்க வரிகளை எடுத்து கூடுதல் சிஎஸ்எஸ்ல ஒட்டிக்கலாம். பிஎச்பி ஃபைல்ல மாத்தினது மட்டும் அங்க கிடைக்காது. எழுதும்போது நம்ம எழுத்துக்கு வரி உயரம் 1.7-க்குக் குறையாம வைங்க, இங்கிலீஷுக்குன்னு செஞ்ச தீம்ல மேல் வரி ‘கூ’வோட வால் கீழ் வரி ‘கி’யோட கொம்புல போய் இடிக்கும். சாய்வெழுத்தையும் தமிழுக்கு எடுத்துடுங்க, கண்ணுக்கு வலிக்குது.

தலைப்பைத் தமிழ்ல போட்டா லிங்க்ல கடைசி வார்த்தை காணாம போகுது. ப்ளகின் கோளாறா?
– வாசகி, காரைக்குடி

கோளாறு இல்லைங்க, இடம் பத்தலை. லிங்க் பேருக்கு டேட்டாபேஸ்ல 200 எழுத்துதான் இடம். தமிழ்ல ஒவ்வொரு குறியும் லிங்க்ல மூணு சதவீதக் குறியோட 9 எழுத்தா மாறுது, ‘கோ’ன்னா க-வுக்கு 9, ஓகாரத்துக்கு 9, மொத்தம் 18. ஆக 22 குறியோட இடம் தீர்ந்துடும். ‘வேப்பம்பூ ரசம் வைக்கும் முறை’ன்னு வச்சா ‘வைக்கும்’ வரைக்கும்தான் ஏறும், ‘முறை’ வெளிய நின்னுடும். புது போஸ்ட்டுக்கு லிங்கை மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல குடுத்துடுங்க, தலைப்பு தமிழ்லயே இருக்கட்டும். பழைய லிங்கை எல்லாம் உக்கார்ந்து மாத்த வேண்டாம்.

பழைய ஹோஸ்டிங்லேர்ந்து புதுசுக்கு மாத்தினேன். இங்கிலீஷ் எல்லாம் சரியா வருது, தமிழ் மட்டும் புரியாத எழுத்தா வருது.
– வாசகர், தூத்துக்குடி

ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. இங்கிலீஷ் ஏ மேல ஒரு கோடும் பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆரும் திரும்பத் திரும்ப வருதா, இல்ல வெறும் கேள்விக்குறியா வருதா? முதலாவதுன்னா சந்தோஷப்படுங்க, எழுத்து முழுசா இருக்கு. பழைய டேபிள் லத்தீன்-1-னு பேர் போட்டுக்கிட்டு உள்ளே யூனிகோடு தமிழை வச்சிருந்திருக்கு, புது இடம் அந்தப் பேரை நம்பிப் படிக்குது. 2007-ல வந்த வேர்ட்பிரஸ் 2.2-லதான் எழுத்து வகையைக் கன்ஃபிக் ஃபைல்ல (சைட்டோட அடிப்படை அமைப்பு இருக்கற ஃபைல்) சொல்ற வழக்கமே வந்தது, அதுக்கு முந்தின சைட்ல இது சகஜம். ஒரு நகல்ல வச்சு டேபிள்ல எழுத்து இருக்கற நெடுவரிசையை முதல்ல பிளாப் வகைக்கு மாத்தி அப்புறம் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாத்தினா தமிழ் வந்துடும், டேட்டாபேஸ் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பண்ணுங்க. கேள்விக்குறின்னா டேட்டாபேஸைத் திறந்து பார்க்கற பிஎச்பி மைஅட்மின்ல போய்ப் பாருங்க, அங்க தமிழ் தெரிஞ்சா கன்ஃபிக் ஃபைல்ல எழுத்து வகை மட்டும் தப்பு. அங்கயும் கேள்விக்குறின்னா அந்த நகல் வீண், பழைய ஹோஸ்டிங்கை இன்னும் மூடாம இருந்தா ஓடிப்போய்த் திரும்ப எடுங்க. சரியாகற வரைக்கும் புது போஸ்ட் போடாதீங்க, பழசைத் திறந்து சேவ் பண்ணாதீங்க, ரெண்டு வகை எழுத்தும் கலந்துட்டா பிரிக்கறது ரொம்பக் கஷ்டம்.

அப்பா எட்டு வருஷம் வலைப்பூ எழுதினார், போன தை மாசம் தவறிட்டார். எனக்கு இந்த அப்டேட்டெல்லாம் தெரியாது, இனி யாரும் அதுல எழுதப்போறதும் இல்ல. ஆனா அழிஞ்சிடக் கூடாது. என்ன செய்யணும்?
– வாசகி, திருநெல்வேலி

அம்மா, உங்க கேள்வியைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அந்த ஆசிரியர் ஐயாவை நினைச்சுக்கிட்டு இருந்தேன். இனி யாரும் எழுதப்போறதில்லைன்னா உங்களுக்கு அப்டேட்டே தேவையில்லாத மாதிரி பண்ணிடலாம். சிம்ப்ளி ஸ்டாட்டிக்னு ஒரு ப்ளகின் இருக்கு, அது சைட்டோட ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் எச்டிஎம்எல் பக்கமா ஆக்கி ஒரே ஜிப்பா குடுக்கும். அந்த ஜிப்பை அதே முகவரியில ஏத்திட்டு, கடைசி பேக்கப்பைப் பத்திரப்படுத்திட்டு, வேர்ட்பிரஸை எடுத்துடலாம். டேட்டாபேஸ் இல்ல, பிஎச்பி இல்ல, ப்ளகின் இல்ல, உடைஞ்சு உள்ள வர்றதுக்கு வழியும் இல்ல. கமென்ட் போடறதும் தேடறதும் வேலை செய்யாது, ஆனா வந்திருந்த கமென்ட் எல்லாம் படிக்கக் கிடைக்கும். தெரிஞ்ச பிள்ளைங்க யாராவது ஒரு சாயங்காலம் உக்கார்ந்தா முடிச்சுடுவாங்க.

அதுக்கு முன்னாடி டூல்ஸ்ல எக்ஸ்போர்ட் குடுத்து எழுத்து மொத்தத்தையும் ஒரு ஃபைலா எடுத்து வைங்க. அதுல படம் வராது, படத்தோட முகவரிதான் வரும், அதனால அப்லோட்ஸ் ஃபோல்டரைத் தனியா இறக்கிடுங்க. ரெண்டையும் பென் டிரைவ்ல போட்டு ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு கூடப் பிறந்தவங்ககிட்ட.

இதெல்லாம் நிதானமா பண்ணிக்கலாம். நாளைக்கே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. டொமைனும் ஹோஸ்டிங்கும் புதுப்பிக்கச் சொல்லி வர்ற மெயில் அப்பாவோட ஐடிக்குத்தான் போய்க்கிட்டு இருக்கும், யாரும் பார்க்காம தேதி தாண்டினா முகவரியை வேற யாராவது வாங்கிடுவாங்க. அப்பாவோட போன்லயோ கம்ப்யூட்டர்லயோ அந்த மெயில் இன்னும் திறந்த மாதிரியே இருந்தா லாக் அவுட் பண்ணிடாதீங்க, அந்த நம்பரையும் ரீசார்ஜ் பண்ணி உயிரோட வைங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும். ரெண்டு கணக்குலயும் மெயில் ஐடியை உங்களோடதா மாத்திட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.